மூக்குடைந்த பறவை

கதவு தானாகச் சாத்திக்கொண்டு 'டிக்' என்றபோது சாவிக்குச் சிரிப்புதான் வந்தது. பன்னிரண்டு வருடம் பூட்டுக் கடையில் வேலை பார்த்தவன் அவன். இரும்புப் பெட்டி, அலமாரி, ஓடாத கார் எதுவானாலும் ஒரு ஹேர்பின்னோடு போய்த் திறந்து கொடுத்தவன். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்துபோகிற அளவுக்கு எல்லோரும் சாவி, சாவி என்றே கூப்பிட்டார்கள். இந்தக் கதவில் சாவி போட ஒரு ஓட்டைகூட இல்லை.

"மேடம், இது கதவே இல்ல. சுவருக்குக் கதவு வேஷம் போட்டு நிறுத்தியிருக்காங்க."

வக்கீலம்மா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கோர்ட்டில் வாய்தா வாங்கியே பாதி ஆயுள் போய்விட்டது என்று கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் துப்பறிய வந்தவர் அவர். எட்டு வருடமாகச் சாவி அவரிடம் உதவியாளன். அவனுடைய கேலிக்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்தால் வேறு வேலை நடக்காது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டார்.

அறையில் இருந்த மூன்றாவது ஆள், அருங்காட்சியகத்தின் காப்பாளர். கதவோரத்தில் இருந்த சின்னப் பெட்டியில் தன் அடையாள அட்டையை மூன்றாம் முறை தேய்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டு நான்காம் முறை தேய்த்தார். அதே சிவப்பு.

"இப்பதானே இதே அட்டையில திறந்து உங்களை உள்ள கூட்டிட்டு வந்தேன்!"

"உள்ள வரும்போது எல்லாப் பொறியும் திறந்துதான் சார் இருக்கும்," என்றான் சாவி. "எலியைக் கேட்டுப் பாருங்க."

வாய் கேலி பேசியதே தவிர, கண் கைக்கடிகாரத்தையே பார்த்தது. மணி மூன்று ஐம்பது. ஐந்து மணிக்கு அவன் அக்காவைக் கைது செய்யப்போகிறார்கள்.

விஷயம் இதுதான். இந்த அருங்காட்சியகத்தின் நிலவறையில் இருபதாயிரம் பொருள் தூங்குகிறது. மேலே கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பது நானூறு. மிச்சத்தையும் ஜனங்கள் பார்க்கட்டும் என்று நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு பொருளையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, அந்தப் படங்களை ஒட்டி முழு உருவமாக்கி, இணையதளத்தில் போட வேண்டும். எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பவர்கூடப் போனில் விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். வேண்டுமென்றால் அந்த உருவத்தை இறக்கிக்கொண்டு, அச்சு இயந்திரத்தில் கொடுத்து, கையில் பிடிக்கிற மாதிரியே செய்துகொள்ளலாம். காசு கிடையாது, அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த வேலை முழுவதையும் ஒற்றை ஆளாக இந்த அறையில் உட்கார்ந்து செய்தவள் சாவியின் அக்கா.

இன்று காலை காப்பாளர், உள்ளங்கையில் அடங்குகிற தங்கக் கிண்ணம் ஒன்றை வழக்கமான சோதனைக்காகத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் கத்திவிட்டார். எடை இல்லை. பெட்டியில் இருந்தது பொய்க் கிண்ணம், மேலே முலாம் பூசியது. இந்த அறைக்குள் வர அட்டை வைத்திருப்பவர்கள் மூன்றே பேர்: காப்பாளர், இயக்குநர், அக்கா. காப்பாளருக்கு முன்னால் கடைசியாக இந்த அறையைத் திறந்தது அக்காவின் அட்டை என்று கதவுக் கணக்கு சொன்னது. அந்த நேரத்தில் அட்டையை மேலே என் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன் என்று அக்கா சொன்னாள். யார் நம்புவார்கள்? இன்ஸ்பெக்டர் அவளை மேலே இயக்குநரின் அறை வாசலில் உட்கார வைத்துவிட்டு, வக்கீலம்மாவுக்காக ஐந்து மணிவரை பொறுத்தார்.

எட்டு வருடத்தில் சாவி வக்கீலம்மாவிடம் தனக்காக எதையும் கேட்டதில்லை. இன்று காலை போனில் மூன்றே வார்த்தைதான் சொன்னான். "மேடம். எங்க அக்கா."

அந்தப் போன் இப்போது மேலே காவலாளியின் டப்பாவில் கிடந்தது. நிலவறைக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. சுவரில் ஒரு பழைய தொலைபேசி மட்டும் இருந்தது. காப்பாளர் அதை எடுத்தார்.

"எதை அழுத்தினாலும் இது இயக்குநர் ரூம்ல மட்டும்தான் அடிக்கும்," என்று முணுமுணுத்தார்.

மறுமுனையில் இயக்குநரின் குரல் தேன் தடவிக்கொண்டு வந்தது. அடடா, சிஸ்டத்தில் ஏதோ கோளாறு. ஆளுக்குச் சொல்லியனுப்பியாயிற்று. ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றேகால். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இன்ஸ்பெக்டரைக் கூப்பிடச் சொல்லுங்க," என்றார் வக்கீலம்மா.

"வெளிய போயிருக்காராம். வந்ததும் சொல்றாராம்." காப்பாளர் தொலைபேசியை வைத்தார்.

அந்த நிமிடம் விளக்கு மொத்தமும் அணைந்தது. சாவி வாய்விட்டே அலறிவிட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஆள் அசையலைன்னா தானா அணையும். கையை ஆட்டுங்க."

மூன்று பேரும் இருட்டில் கையை ஆட்டினார்கள். விளக்கு வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை, யாரையோ வழியனுப்ப வந்தவர்கள் போல நின்றார்கள். மூன்று பக்கமும் கூரைவரை இரும்பு அடுக்குகள், அதில் எண் ஒட்டிய அட்டைப் பெட்டிகள். நடுவில் கறுப்புத் துணி விரித்த மேசை, அதன் மேல் சுழலும் தட்டு, இரண்டு விளக்கு, முக்காலியில் கேமரா, ஒரு கம்ப்யூட்டர். ஜன்னல் கிடையாது. மாவு அரைத்து வைத்தால் ஒரு வாரம் புளிக்காது, அவ்வளவு குளிர்.

சாவி மெல்ல வக்கீலம்மாவின் பக்கம் நகர்ந்தான். "மேடம், இந்தத் திட்டமே பிடிக்காத ஆள் இவர்தான். படம் போட்டா எவன் நேர்ல வருவான்னு நாலு வருஷமா அக்காவோட சண்டை. அட்டை வேலை செய்யலைன்னு நல்லா நடிக்கிறார். நம்மளை அடைச்சுப் போட்டா அஞ்சு மணி தாண்டிடும். அவ்ளோதான் கணக்கு."

"அடைக்கிற ஆள் தானும் உள்ள உக்காருவாரா?"

"அங்கதான் மேடம் அவர் நடிப்பு!"

"காது கேக்குது தம்பி," என்றார் காப்பாளர். "எனக்கு அந்தப் படம் பிடிக்காது, வாஸ்தவம். இன்னைக்கு வரைக்கும் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்ததில்ல, அதுவும் வாஸ்தவம். ஆனா உங்க அக்காவைத் திருடின்னு நான் சொல்லல. கிண்ணம் போச்சுன்னுதான் சொன்னேன்."

வக்கீலம்மா இந்தச் சண்டையில் சேரவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்கு மேலே ஒரு பலகை. அதில் நடுநாயகமாக இயக்குநர் கையெழுத்திட்ட பெரிய தாள்: 'நாளுக்கு நாற்பது பொருள். குறையக் கூடாது.' அதைச் சுற்றி அக்காவுக்கு வந்த கடிதங்களும் அச்சடித்த மின்னஞ்சல்களும். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருக்கும் ஒரு மனிதர், தினமும் காலையில் ஒரு பானையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறாராம். பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர், எங்கள் ஊரிலிருந்து உங்கள் ஊருக்கு வர இரண்டு நாள் ஆகும், உங்கள் புண்ணியத்தில் பிள்ளைகள் அரை நிமிடத்தில் வந்து போகிறார்கள் என்று எழுதியிருந்தார்.

"எல்லாம் பாராட்டு," என்றார் வக்கீலம்மா. "நாலு வருஷத்துல ஒரு ஆள்கூடக் குறை சொல்லலையா? என் கட்சிக்காரங்க நான் ஜெயிச்சுக் கொடுத்தாக்கூடக் குறை சொல்வாங்க. சாவி, ஒருத்தருக்கு வர்ற குறைக் கடுதாசியை எங்க வெப்பாங்க?"

"கிழிச்சுப் போடுவாங்க."

"மனசாட்சி உள்ளவங்க?"

சாவி யோசித்தான். பிறகு அக்காவை யோசித்தான். சின்ன வயதில் மார்க் குறைந்த தேர்வுத்தாளை அக்கா கிழிக்கமாட்டாள். கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவைப்பாள். கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினான். நாலாக மடித்த ஒரு தாள் வந்தது.

வக்கீலம்மா அதை உரக்கப் படித்தார். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியிலிருந்து வந்திருந்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. 'தாங்கள் தந்த தங்கக் கிண்ணத்தின் உருவத்தை அச்செடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தோம். விளிம்பில் உள்ள பன்னிரண்டு பறவைகளையும் தடவிப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார்கள். அவர்களுக்கு ஒரு சந்தேகம். இரண்டு பறவைகளுக்கு மூக்கு உடைந்திருக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் எதிரெதிரே இருக்கின்றன, உடைந்த விதமும் ஒன்றாக இருக்கிறது. வேண்டுமென்றே செய்ததா? தயவுசெய்து தெரிவிக்கவும்.'

"பதில் போடல," என்றார் வக்கீலம்மா. "ஏன் போடல?"

போலிக் கிண்ணம் இதே அறையில்தான் இருந்தது. ஊரிலேயே பத்திரமான இடம் இதுதான் என்று இன்ஸ்பெக்டர் அதைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, முத்திரை வைத்து, இங்கேயே விட்டிருந்தார். வக்கீலம்மா பெட்டியைச் சுழலும் தட்டில் வைத்துத் திருப்பினார். பறவைகள் வரிசையாகப் போயின. ஒன்றுக்கு மூக்கு இல்லை. அரைச் சுற்று கழித்து இன்னொன்றுக்கும் மூக்கு இல்லை.

"சார், நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க," என்றார் காப்பாளரிடம். "காலையில இந்தப் போலியை நல்லாப் பார்த்தீங்களா?"

"தூக்கினதுமே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அதைப் பார்க்க மனசு வரல. கீழ வெச்சுட்டேன்."

"சரி. உங்க நிஜக் கிண்ணத்துல பறவை எத்தனை?"

"பன்னெண்டு."

"அதுல மூக்கு உடைஞ்சது?"

"ஒண்ணு." காப்பாளரின் குரல் குழைந்தது. "ஒண்ணே ஒண்ணு. பாவம். கழுத்தை மத்ததை விடக் கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்கும். முப்பது வருஷமா அதைத்தான் முதல்ல பார்ப்பேன்."

"இப்ப திரும்பிப் பாருங்க."

பார்த்தார். பெட்டியை அவரே ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொரு சுற்று. "ரெண்டு இருக்கே," என்றார். "இது எவன் செஞ்ச கோலம்?"

வக்கீலம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு போல்டர், அதன் எண்ணோடு. தட்டை ஐந்து டிகிரி திருப்பினால் ஒரு படம். முழுச் சுற்றுக்கு எழுபத்திரண்டு. போல்டருக்குப் போல்டர் எழுபத்திரண்டு என்றே காட்டியது. தங்கக் கிண்ணத்தின் போல்டரைத் திறந்தார்.

முப்பத்தாறு.

விளக்கு அணைந்தது. யாரும் கையை ஆட்டவில்லை. கம்ப்யூட்டரின் வெளிச்சத்தில் அந்த எண் மட்டும் தெரிந்தது.

சாவிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கிண்ணம் வட்டம். ஆறு பறவை எடுத்தால் மற்ற ஆறும் அதே மாதிரிதான். பாதியைப் படம் எடுத்து, அந்தப் பாதியையே நகல் எடுத்து அந்தப் பக்கம் ஒட்டிவிட்டால் முழுக் கிண்ணம், நேரம் பாதி. எவன் எண்ணிப் பார்க்கப்போகிறான்? எடுத்த பாதியில்தான் மூக்குடைந்த பறவை நின்றது. ஒட்டியபோது அதற்கும் ஒரு இரட்டைப் பிறவி வந்துவிட்டது. கண் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. தொட்டுப் பார்த்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

"வேற எதெல்லாம் முப்பத்தாறுன்னு தேடிப் பாரு," என்றார் வக்கீலம்மா. கையை ஆட்டி விளக்கை வரவழைத்தார்.

சாவி தேடினான். குடம், சிமிழ், தட்டு, மணி, ஜாடி. வட்டமாக இருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில் திரை ஓரத்தில் எண்ணிக்கை நின்றது. முந்நூற்றுப் பன்னிரண்டு.

கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அது இதுதான். அக்காவைக் காப்பாற்ற வந்து அக்காவின் திருட்டுத்தனத்தைத் தோண்டி எடுத்துவிட்டான்.

"முந்நூறு!" என்று காப்பாளர் கத்தினார். "முந்நூறு பொருளுக்குப் பொய் முதுகு! இதைத்தான் உலகமெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கா? அந்தப் படுத்த படுக்கையா இருக்கிறவர் காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி பாதிப் பானையையா பார்க்கறார்?"

"நாளுக்கு நாப்பதுன்னு எழுதி ஒட்டினா வேற என்ன சார் நடக்கும்?" சாவி எகிறினான். "எங்க அக்கா மனுஷியா, மாவு மில்லா?"

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லணும்!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றார் வக்கீலம்மா. "சாவி, காலையில இன்ஸ்பெக்டர் உங்க அக்காகிட்ட இந்தப் போலியைக் காட்டினார். அவங்க முகம் வெளிறிப்போச்சு. குத்தமுள்ள நெஞ்சுன்னு அவர் குறிச்சுக்கிட்டார். நீ பக்கத்துலதானே நின்னே?"

"ஆமா மேடம்."

"அவங்களுக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கு. இது தன் படத்தை வெச்சுச் செஞ்ச போலி. தன் தப்பு இதுல அப்படியே இருக்கு. அவங்களே திருடியிருந்தா, எங்க தப்புன்னு தெரிஞ்சவங்க அதைச் சரி பண்ணாமயா செய்யக் கொடுப்பாங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லல."

அக்கா ஜெயிலுக்குப் போனாலும் போவாள், இதைச் சொல்லமாட்டாள். அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று வாயை மூடிக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கிறாள். அவன் அவளைத் திட்ட நினைத்தான், கட்டிக்கொள்ளவும் நினைத்தான். இரண்டுக்கும் நடுவில் அந்தச் சனியன் பிடித்த கதவு.

"அக்கா இல்ல," என்றான். "அப்ப இவர்தான்." காப்பாளரைக் காட்டினான்.

"அவர் எப்படி? நிஜக் கிண்ணத்தை முப்பது வருஷம் கையில வெச்சிருந்தவர். ரெண்டு மூக்கு உடைஞ்ச போலியைப் பெட்டியில வைப்பாரா? வெச்சாலும், தானே கத்தி ஊரைக் கூட்டுவாரா? சும்மா இருந்திருந்தா இன்னும் பத்து வருஷத்துக்கு யாருக்கும் தெரியாது." வக்கீலம்மா ஒரு விரலை மடக்கினார். "படத்துல தப்பு இருக்குன்னு தெரிஞ்சவங்க அக்கா. கிண்ணத்துல ஒரே மூக்குதான் போச்சுன்னு தெரிஞ்சவர் இவர். இந்தப் போலியைச் செய்யச் சொன்ன ஆளுக்கு ரெண்டுமே தெரியாது. கிண்ணத்தை ஒருநாளும் உத்துப் பார்க்காத ஆள். ஆனா உள்ள வர அட்டை இருக்கு. அக்கா மேசைகிட்ட எந்நேரமும் வந்து நிக்கிற உரிமை இருக்கு."

காப்பாளர் மெதுவாகச் சொன்னார். "விருந்தாளிங்க வந்தா, போனைத் தூக்கிக் காட்டி, என் அருங்காட்சியகம் முழுக்க இதுக்குள்ள இருக்குன்னு பெருமை அடிப்பார். நாலு வருஷத்துல ஒரு பெட்டியைத் திறந்து பார்த்ததில்ல."

வேலியே பயிரை மேய்ந்த கதை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார்கள். எதை அழுத்தினாலும் அவர் அறையில் மட்டும்தான் அடிக்கும்.

கேட்டுக்கொண்டிருந்த மாதிரி, கம்ப்யூட்டர் திரையில் ஒரு சதுரம் எழும்பியது. 'இயக்குநரின் உத்தரவுப்படி இந்தக் கணினியில் உள்ள அனைத்தும் ஐந்து மணிக்கு அழிக்கப்படும்.' மணி நாலு முப்பத்திரண்டு.

சாவி கதவுக்கு ஓடினான். விளிம்பைத் தடவினான், அட்டை தேய்க்கும் பெட்டியின் மூடியை நகத்தால் நெம்பினான், தோளால் மோதினான், கடைசியில் காலால் உதைத்து விரலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். கதவு அவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. "திறந்து விடுங்கடா!" என்று கத்தியது இரும்பு அடுக்குகளில் பட்டு அவனுக்கே திரும்பி வந்தது. இந்த அறையில் காற்று குறைகிறது என்று நிச்சயமாக நம்பினான். குறையவில்லை. பயம் அப்படித்தான் சொல்லும்.

"ஆள் வெளிய போக முடியாது," என்றார் வக்கீலம்மா. "இங்கேருந்து வேற என்னதான் வெளிய போகும்?"

"ஒண்ணும் போகாது."

"நாலு வருஷமா இந்த அறையிலேர்ந்து உலகம் முழுக்கப் போய்க்கிட்டே இருக்கே சாவி."

அவன் திரும்பிப் பார்த்தான். படம் ஏற்றும் நிரல் திறந்திருந்தது. ஒரு கட்டத்தில் பொருளின் எண் கேட்டது.

"தங்கக் கிண்ணத்தோட எண்ணைப் போடு. காலையிலேர்ந்து செய்தியில ஓடுது. இன்னைக்கு ஊர் மொத்தமும் பார்த்துக்கிட்டு இருக்கிற பக்கம் அது ஒண்ணுதான். வாசல்ல காத்திருக்கிற நிருபருங்க உட்பட." வக்கீலம்மா நாற்காலியைவிட்டு எழுந்தார். "ஆனா என்னத்தைப் போடறதுன்னு நீதான் சொல்லணும். உள்ள மாட்டிக்கிட்டோம், கதவைத் திறங்கன்னு மட்டும் போடலாம். திறப்பாங்க. அதுக்குள்ள இந்தக் கம்ப்யூட்டர் அழிஞ்சிருக்கும். முப்பத்தாறு படம்னு காட்ட ஒண்ணும் மிஞ்சாது. உங்க அக்கா மானம் தப்பிக்கும், அவங்க தப்பிக்கமாட்டாங்க."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா எல்லாத்தையும் போடணும்."

சாவி சுழலும் தட்டின் முன்னால் நின்றான். அக்கா எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா போனார். அன்றிலிருந்து அவள்தான் அவனை வளர்த்தாள். அவன் பூட்டுக் கடையில் முதல் நாள் பித்தளைச் சாவி அறுத்து விரலையும் அறுத்துக்கொண்டபோது, அவள்தான் துணி சுற்றிவிட்டுத் திரும்பக் கடைக்கே அனுப்பினாள். ஊரில் ஒருவர் முன்னாலும் தலை குனிந்ததில்லை. அந்தத் தலையை அவனே பிடித்து உலகத்தின் முன்னால் குனிய வைக்க வேண்டும். அவளைக் கேட்டால் வேண்டாம் என்பாள். கேட்கவும் வழியில்லை.

"எல்லாத்தையும் போடுவோம் மேடம்," என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை.

அதற்குப் பிறகு கை பறந்தது. போலியை இரண்டு பக்கமும் படம் எடுத்தார்கள். பள்ளியின் கடிதத்தை எடுத்தார்கள். முப்பத்தாறு என்று காட்டும் திரையையும், முந்நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டும் திரையையும், ஐந்து மணிக்கு அழிக்கும் உத்தரவையும் எடுத்தார்கள். கடைசியில் 'நாளுக்கு நாற்பது' தாளைப் பலகையிலிருந்து கிழித்து, அதன் முதுகில் 'நிலவறையில் அடைபட்டிருக்கிறோம். இன்ஸ்பெக்டர் உடனே வரவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சாவி பிடித்துக்கொண்டு நின்றான். நிரல் குறிப்புக் கேட்டது: பொருள், காலம், நிலை.

"ஆண். முப்பத்துநாலு வருடம். லேசாகச் சேதமடைந்தது," என்றான்.

வக்கீலம்மா அப்படியே அடித்தார். ஆனால் பொத்தானை அழுத்தியதும் திரை வேறொன்று கேட்டது. இயக்குநரின் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டுமாம்.

இரண்டு பேரும் காப்பாளரைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து, அதற்குள்ளிருந்து மடிப்பில் கிழிந்துபோன ஒரு துண்டுச்சீட்டை எடுத்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் கொடுத்த கடவுச்சொல். ஒருநாளும் பயன்படுத்தியதில்லை.

"கதவை மாத்தினவர் இதை மாத்த மறந்திருப்பார்," என்றார். "நான் இதைத் தொடமாட்டேன்னு அவருக்குத் தெரியும்." ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். சாவிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

திரையில் பச்சை.

நாலு ஐம்பத்திரண்டுக்குச் சுவர்த் தொலைபேசி அலறியது. சாவி எடுத்தான்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க அங்க?" தேன் சுத்தமாக வடிந்துவிட்டிருந்தது. "இப்பவே எடுக்கலைன்னா—"

"சிஸ்டத்துல கோளாறு சார்," என்றான் சாவி. "ஆளுக்குச் சொல்லியிருக்கோம். மிஞ்சிப்போனா ஒன்றேகால் மணி நேரம்."

வைத்துவிட்டான். ஐந்து மணிக்குத் திரை கறுத்தது. சொன்ன சொல் தவறாமல் எல்லாவற்றையும் அழித்தது. பிறகு விளக்கு அணைந்தது. ஆட்டினார்கள், வந்தது. மறுபடி அணைந்தது. பார்த்தார்களா, இல்லையா? யாராவது ஒருவர் பார்த்திருந்தால்கூடப் போதுமே. இருட்டில் காப்பாளரின் மூச்சு மட்டும் பக்கத்தில் கேட்டது. சாவி தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். அக்கா அதைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தபோது, கதவு திறக்கவே வேண்டாம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

ஐந்து இருபத்தைந்துக்குக் கதவு 'டிக்' என்றது.

இன்ஸ்பெக்டர் முதலில் வந்தார். "இயக்குநர் காரை எடுத்துட்டுக் கிளம்பப் பார்த்தார். கேட்டுல நாப்பது நிருபருங்க, நாப்பது போன்லயும் உங்க மூஞ்சி," என்றார் சாவியிடம். "வண்டி ஒரு அடி நகரல. இப்ப ஸ்டேஷன்ல இருக்கார். கிண்ணம் எங்கன்னு மட்டும் இன்னும் வாயைத் திறக்கல."

அவருக்குப் பின்னால் அக்கா நின்றாள். கையில் யாருடைய போனோ இருந்தது. அதன் வெளிச்சம் அவள் தாடையில் விழுந்தது. சாவி எழுந்தான். சொல்ல ஒரு கேலி தேடினான், ஒன்றும் அகப்படவில்லை.

"அக்கா, மன்னிச்சிடு. வேற வழி இல்லாமத்தான்..."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. நேராகக் காப்பாளர் முன்னால் போய் நின்றாள். கண் சிவந்திருந்தது, தலை குனியவில்லை.

"முந்நூத்திப் பன்னெண்டுங்கறது தப்பு சார்," என்றாள். "முந்நூத்தி நாப்பது. ஆரம்பத்துல செஞ்ச இருபத்தெட்டுக்கு மாட்டிக்கக் கூடாதுன்னு அதே முப்பத்தாறு படத்தைப் பேர் மாத்தி ரெண்டு தடவை வெச்சேன். எண்ணினா எழுபத்திரண்டுதான் காட்டும். உங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

இன்ஸ்பெக்டர், இதெல்லாம் இப்போது எதற்கு, நீங்கள் வீட்டுக்குப் போகலாம் அம்மா என்றார்.

"போறேன் சார்," என்றாள் அக்கா. போனைத் தம்பியிடம் நீட்டினாள். "முதல்ல அந்த இருபத்தெட்டையும் போடுடா."